எலி வளர்த்த விஞ்ஞானி

குட்டீஸ், சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை வரும். அடுத்து ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். வழி நெடுக தொழிற்சாலைகள்தான். கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று எல்லாம் அங்கே தயாராகின்றன. உங்களில் சிலருடைய அப்பாவோ, அக்காவோ, மாமாவோ கம்பெனி பஸ் ஏறி அங்கே ஷிப்ட் வேலைக்குப் போய் வரலாம்.

அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஒரு காரில் தண்ணீர் பம்ப் பழுதாகிவிட்டால் என்ன செய்வார்கள்? அதே நம்பர் போட்ட வேறு பம்பை மாட்டுவார்கள். வேலை முடிந்தது! புது பம்பைப் பார்த்து, நீ யார் என்று அந்தக் கார் சண்டை போடாது.

ஆனால், நம் உடம்பு சண்டை போடும்!

நம் முதுகுப் பக்கம், இடுப்புக்கு மேலே, அவரை விதை வடிவத்தில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கைமுட்டி அளவுதான். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியைத் திரும்பவும் ரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, கழிவோடு ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இரண்டுமே செயலிழந்தால் கழிவு ரத்தத்திலேயே தங்கி, உயிருக்கே ஆபத்தாகிவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் இயந்திரத்தோடு பல மணி நேரம் படுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்த வேண்டும்.

இன்னொருவரின் சிறுநீரகத்தை உடம்பு ஏன் எதிர்க்கிறது? யாருடையதை ஏற்கும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடியவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த ஒருவரின் கதையைத்தான் இன்று படிக்கப் போகிறீர்கள். அவர் இங்கிலாந்தில் பிறந்தார், இந்தியராக இறந்தார். பெயர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

சுரங்கத்தில் ஒரு பாடம்

1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி, ஆக்ஸ்ஃபோர்டு நகரில் பிறந்தார் ஹால்டேன். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன் பெரிய விஞ்ஞானி. மனிதர்கள் மூச்சு விடுவது பற்றி ஆராய்ந்தவர். நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் சாவதைத் தடுக்க வழி தேடியவர்.

சிறுவன் ஹால்டேனையும் அவர் சுரங்கத்துக்கு அழைத்துப் போவார். ஒரு நாள் தாழ்வான ஒரு சுரங்கப் பாதையில் மகனை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் நீண்ட வசனம் ஒன்றை ஒப்பிக்கச் சொன்னார். சில வரிகள்தான்; சிறுவனுக்கு மூச்சு வாங்கியது. கால்கள் தள்ளாடின. பொத்தென்று கீழே விழுந்தான். ஆச்சரியம்! தரையில் கிடந்தபோது நன்றாக மூச்சு விட முடிந்தது.

ஏன் தெரியுமா? சுரங்கத்தில் இருந்த மீத்தேன் வாயு காற்றைவிட லேசானது. அது கூரையை ஒட்டி மேலேதான் நிற்கும். இந்தப் பாடத்தைச் சிறுவன் ஹால்டேன் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. ஆபத்தான சோதனையை அடுத்தவர் மேல் செய்யாமல் தன் மேலேயே செய்து பார்ப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கமாக இருந்தது.

வீட்டுத் தோட்டத்தில் எலிப் பள்ளிக்கூடம்

ஹால்டேனுக்கு நவோமி என்று ஒரு தங்கை. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் ஆனவர். அவர் கினிப் பன்றிகளை வளர்த்தார். அவை பெருகிப் பெருகி நூற்றுக்கணக்கில் ஆகிவிட்டன. கறுப்பு அம்மாவுக்கு வெள்ளைக் குட்டி எப்படிப் பிறந்தது? சுருட்டை முடி யாரிடமிருந்து வந்தது? அண்ணனும் தங்கையும் நோட்டுப் போட்டு எழுதி வைத்தார்கள். பிறகு எலிகளையும் வளர்த்தார்கள்.

பெற்றோரின் குணங்கள் பிள்ளைகளுக்கு மரபணுக்கள் வழியாக வருகின்றன. சில மரபணுக்கள் எப்போதும் நண்பர்கள்போல ஒட்டிக்கொண்டு சேர்ந்தே வரும் என்பதை எலிகளில் அவர்கள் கண்டார்கள். 1915-ல் அது கட்டுரையாக வெளிவந்தது. கூடவே உழைத்த ஸ்ப்ரன்ட் என்ற நண்பர் முதல் உலகப் போரில் கொல்லப்பட்டுவிட்டார். கட்டுரை வந்தபோது ஹால்டேனும் ராணுவத்தில்தான் இருந்தார்.

போரில் ஹால்டேனுக்கு இரண்டு முறை காயம். இரண்டாவது முறை, மெசபடோமியாவில் காயம் பட்ட அவரை 1917-ல் சிகிச்சைக்காக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்த நாடு அவருக்கு மிகவும் பிடித்துப் போனது. ஆனால், ஆளுகிற வெள்ளைக்காரர்களில் ஒருவராக இங்கே இருக்க அவருக்கு விருப்பமில்லை. சுதந்திர இந்தியாவுக்கு ஒரு நாள் வர வேண்டும் என்ற ஆசை மனதில் விழுந்தது.

தானே சோதனை எலி!

போர் முடிந்து ஊர் திரும்பிய ஹால்டேன், பின்னர் கேம்பிரிட்ஜில் வேலைக்குச் சேர்ந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியது கணக்கிலும் பழைய கிரேக்க, லத்தீன் இலக்கியத்திலும்தான். அறிவியலில் அவருக்குப் பட்டமே கிடையாது!

ரத்தத்தில் அமிலம் கூடினால் உடம்பு எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க விரும்பினார். நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்துதான் அந்த அமிலத்தை வெளியேற்றுகின்றன. யாரை வைத்துச் சோதிப்பது? அம்மோனியம் குளோரைடு என்ற உப்பைக் கரைத்துத் தானே மடமடவென்று குடித்தார். நாள் கணக்கில் மூச்சிரைத்துத் தவித்தார். நீங்கள் யாரும் இப்படிச் செய்துவிடக் கூடாது, குட்டீஸ்! இன்று இப்படிப்பட்ட சோதனைகளுக்குக் கடுமையான விதிமுறைகள் இருக்கின்றன.

பிற்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளுக்காக அழுத்தம் மிகுந்த அறைக்குள் தானே போய் உட்கார்ந்தார். அதில் வலிப்பு வந்து முதுகெலும்பில் அடிபட்டது. அந்த வலி கடைசி வரை இருந்தது.

உடம்பு காட்டும் அடையாள அட்டை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

1933-ல் ஹால்டேன் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மரபியல் பேராசிரியர் ஆனார். அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்கு ஒரு புதிர் இருந்தது. ஒரு எலியின் கட்டியை எடுத்து இன்னொரு எலிக்குள் வைத்தால், சில எலிகளில் அது ஒட்டிக்கொண்டு வளரும். சில எலிகளில் கரைந்து காணாமல் போகும். ஏன்?

ஹால்டேன் ஒரு யோசனை சொன்னார். மனிதர்களுக்கு ஏ, பி, ஓ என்று ரத்த வகைகள் இருக்கின்றன அல்லவா? அதுபோல எலிகளின் செல்களிலும் பரம்பரையாக வரும் அடையாளங்கள் இருக்கலாம். அடையாளம் ஒத்துப்போனால் உடம்பு ஏற்கும். வேறாக இருந்தால் எதிர்க்கும். அவரிடம் மரபியல் படிக்க வந்த பீட்டர் கோரர் என்ற இளம் மருத்துவர் இதைப் பிடித்துக்கொண்டார். ஹால்டேன் தந்த மூன்று வகைத் தூய இன எலிகளை வைத்து ஆராய்ந்தார். 1936-ல் அந்த அடையாளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்! யோசனை ஹால்டேனுடையது, உழைப்பு கோரருடையது. பின்னர் அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் ஸ்னெல்லுடன் சேர்ந்து அதற்கு எச்-2 என்று பெயர் வைத்தார்கள்.

மனிதர்களுக்கும் இதே மாதிரி அடையாளம் உண்டு என்று 1958-ல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ழான் டோசே காட்டினார். அதைத்தான் இன்று எச்.எல்.ஏ. என்கிறோம். 1980-ல் ஸ்னெல்லுக்கும் டோசேவுக்கும், பெனாசெராஃப் என்ற இன்னொரு விஞ்ஞானிக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. பாவம், கோரர் 1961-லேயே இறந்துவிட்டார்.

எச்.எல்.ஏ. என்ன செய்கிறது? தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி நிற்பாரே, நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருபவர் கழுத்தில் அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் அந்த செக்யூரிட்டி. நம் செல்கள் எச்.எல்.ஏ. என்ற அட்டையை மாட்டியிருக்கின்றன. வேறு அட்டையோடு ஒரு சிறுநீரகம் வந்தால், அது உயிரைக் காப்பாற்ற வந்தது என்று வெள்ளை அணுவுக்குத் தெரியாது. கிருமி புகுந்துவிட்டதாக நினைத்துத் தாக்கத் தொடங்கிவிடும்.

சீட்டுக் குலுக்கிப் பாருங்கள்

இந்த அட்டை நமக்கு எங்கிருந்து வருகிறது? பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. வீட்டிலேயே விளையாடிப் பார்க்கலாம்.

சிவப்பு, மஞ்சள் என்று இரண்டு சீட்டுகள் அம்மாவுடையவை. நீலம், பச்சை என்று இரண்டு சீட்டுகள் அப்பாவுடையவை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா பக்கம் ஒரு சீட்டு, அப்பா பக்கம் ஒரு சீட்டு எடுங்கள். எடுத்ததை எழுதிக்கொண்டு திரும்பப் போட்டுவிடுங்கள். உங்களுக்குச் சிவப்பும் நீலமும் வந்தால், தம்பிக்கும் அதே இரண்டும் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டில் ஒன்று மட்டும் ஒத்துப்போக நான்கில் இரண்டு வாய்ப்பு. ஒன்றுமே ஒத்துப்போகாமல் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அம்மாவோ அப்பாவோ உங்களோடு எப்போதும் பாதி ஒத்துப்போவார்கள்.

அதனால்தான் ஒருவருக்குச் சிறுநீரகம் தேவைப்பட்டால், முதலில் குடும்பத்தில் உள்ளவர்களைப் பரிசோதிக்கிறார்கள். அக்கா தருகிறேன் என்று ஓடி வருவார். ஆனால், பரிசோதனையில் அட்டை ஒன்றுகூட ஒத்துப்போகாமல் இருக்கலாம். அது பாசக் குறைவு இல்லை, குட்டீஸ். சீட்டு விழுந்த விதம் அவ்வளவுதான்.

ஒரே உருவ இரட்டையர்களுக்கு மட்டும் எல்லாச் சீட்டும் ஒன்றே. 1954 டிசம்பர் 23-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரொனால்ட் ஹெர்ரிக் என்பவரின் சிறுநீரகத்தை, அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு டாக்டர் ஜோசப் முர்ரே குழுவினர் பொருத்தினார்கள். முன்னதாக ஒருவரின் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்து, உடம்பு எதிர்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். ரிச்சர்ட் பிழைத்தார், எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். உலகில் நெடுநாள் பலன் தந்த முதல் சிறுநீரக மாற்று சிகிச்சை இதுதான்.

இரட்டையர் இல்லாதவர்களுக்கு? வெள்ளை அணுக்களின் கோபத்தை அடக்கி வைக்கும் மருந்துகள் 1960-களில் வந்தன. 1980-களில் இன்னும் நல்ல மருந்துகள் வந்தன. நம் நாட்டில் 1971-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் உயிரோடு இருப்பவர் தந்த சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்தினார்கள். ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையிலேயே இன்னும் கொஞ்ச தூரம் போனால் வேலூரும் வந்துவிடும்!

இன்று அட்டை முழுதும் ஒத்துப்போகாதவர்களின் சிறுநீரகத்தையும் பொருத்துகிறார்கள். ஆனாலும், எவ்வளவு ஒத்துப்போகிறதோ, பொதுவாக அவ்வளவு நீண்ட காலம் அது வேலை செய்கிறது.

இன்னொரு விஷயம். மருந்தை உடம்பு செரிக்கும் வேகமும் மரபணுவைப் பொறுத்ததே. டாக்ரோலிமஸ் என்ற மருந்தை ஒரே எடையுள்ள இரண்டு பேருக்கு ஒரே அளவு கொடுத்தாலும், ஒருவர் உடம்பு அதைச் சீக்கிரம் தீர்த்துவிடும். அவருக்குக் கூடுதலாகத் தர வேண்டும். மருந்து குறைந்தால் சிறுநீரகம் போய்விடும். கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே டாக்டர்கள் ரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி சோதித்து, ஆளுக்கு ஏற்றபடி மாத்திரையை மாற்றுகிறார்கள்.

நன்மையும் தீமையும் சேர்ந்தே

1949-ல் ஹால்டேன் இன்னொரு அருமையான யோசனையைச் சொன்னார். மத்தியதரைக் கடல் நாடுகளில் தாலசீமியா என்ற ரத்த நோய் ஏன் இவ்வளவு அதிகம்? இரு பெற்றோரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தாலோ, மலேரியாவிலிருந்து பாதுகாப்பு! அதனால்தான் அது மறையாமல் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது என்றார்.

சிறுநீரகத்திலும் அதே கதை நடந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் தூக்க நோய் என்று ஒரு கொடிய நோய் உண்டு. அதை எதிர்க்கும் ஒரு மரபணு மாற்றம் அங்கே பலரிடம் இருக்கிறது. ஆனால், அது அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் சிறுநீரக நோய் வரும் அபாயம் கூடுகிறது என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்டவர் தானம் தரும் சிறுநீரகம், மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் பழுதாகும் வாய்ப்பும் அதிகம். ஆகவே, வாங்குபவரின் மரபணுவைப்போலத் தருபவரின் மரபணுவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹால்டேன் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

இந்தியாவே என் வீடு

1957-ல் ஹால்டேனின் பழைய ஆசை நிறைவேறியது. முந்தைய ஆண்டு சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின் மீது பிரிட்டன் படையெடுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. மகலனோபிஸ் அழைப்பை ஏற்று, மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். இந்திய உடைக்கு மாறினார். 1961-ல் இந்தியக் குடிமகனே ஆகிவிட்டார். அடுத்த ஆண்டு புவனேஸ்வரில் மரபியல் ஆய்வுக்கூடம் அமைத்தார்.

அவர் முன்கோபக்காரர். பிடிக்காத இடத்தில் ஒரு நாள்கூட இருக்க மாட்டார். ஆனால், இளைஞர்களிடம் அவருக்குப் பிரியம் அதிகம். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்காதீர்கள். கண்ணும் பொறுமையும் போதும் என்பது அவர் வழி. அவருடைய மாணவர் ஒருவர் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணியே ஆராய்ச்சி செய்தார். இன்னொருவர் ஆட்காட்டிக் குருவிகளைக் கவனித்தார். ஒரே இனத்துக்குள் எத்தனை வித்தியாசம் என்பதுதான் ஹால்டேன் ஆயுள் முழுக்கத் தேடிய விஷயம்.

உங்களைப்போன்ற குழந்தைகளுக்காகவும் அவர் ஒரு கதைப் புத்தகம் எழுதியிருக்கிறார். 1937-ல் வந்த அதில் ஒரு மந்திரவாதியும், வீட்டு வேலை செய்யும் குட்டி டிராகனும்கூட உண்டு!

கடைசிப் பாடம்

1963-ன் இறுதியில் ஹால்டேனுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே தன் நோயைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதினார். நோயை மறைக்காமல் சீக்கிரம் டாக்டரிடம் போங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்வதே அதன் நோக்கம்.

1964 டிசம்பர் 1-ஆம் தேதி புவனேஸ்வரில் ஹால்டேன் காலமானார். தன் உடலை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம் என்று முன்பே எழுதி வைத்திருந்தார். அவர் விருப்பப்படி அது ஆந்திராவில் உள்ள காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது. உயிரோடு இருந்தபோது தன் உடம்பில் தானே சோதனை செய்தவர், இறந்த பிறகு அதை மாணவர்களுக்குப் பாடப் புத்தகமாகக் கொடுத்துவிட்டார்.

நம் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைத் தானமாகப் பெற்று, வரிசையில் காத்திருப்பவர்களுக்குப் பொருத்தும் திட்டம் நடக்கிறது. அப்படித் தானம் செய்பவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023-ல் அரசு அறிவித்தது. முன்பின் தெரியாத ஒருவரின் சிறுநீரகத்தால் இன்று பலர் வாழ்கிறார்கள். நிறையப் பேர் தானம் செய்ய முன்வந்தால்தான், காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நன்றாகப் பொருந்துவது கிடைக்கும்.

உங்கள் உறவினரோ, வகுப்புத் தோழனோ சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவரா? அவர் நேரம் தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். கிருமி தொற்றாமல் இருக்க வேண்டும். உங்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் கொஞ்சம் தள்ளியே இருங்கள். அதுவும் ஓர் உதவிதான்.

சரி, குட்டீஸ்! உங்கள் தெருவில் பவழமல்லி மரம் இருக்கிறதா? நாளைக் காலையில் கீழே உதிர்ந்து கிடக்கும் பூக்களில் இருபதைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை இதழ் என்று எண்ணி எழுதுங்கள். ஒரே மரத்துப் பூக்கள்தான். ஆனாலும் எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறதா, பாருங்கள்!